ஜாதகம் பொருந்தியது... உண்மை பொருந்தியதா?

மயிலாப்பூர் மாட வீதிகளில் சாயங்கால நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கோயில் வாசலில் பூ வாங்கும்போதும், காபிப்பொடி அரைக்கக் காத்திருக்கும்போதும் காதில் விழுகிற பேச்சில் பாதி கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும்.

"பையனுக்கு என்ன நட்சத்திரம்?"

"எட்டுப் பொருத்தம் இருக்கு மாமி. ரஜ்ஜுதான் தட்டறது!"

ரஜ்ஜு பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம், சம்பளம் பார்க்கிறோம், சொந்த வீடா வாடகை வீடா என்று பார்க்கிறோம். ஒன்றை மட்டும் கேட்கவும் கூச்சம், சொல்லவும் பயம். உடம்பு எப்படி? மனசு எப்படி? இதற்கு முன்னால் வாழ்க்கையில் என்ன நடந்தது?

மாட வீதியிலிருந்து சில கிலோமீட்டர் போய், அடையாறையும் தாண்டினால் தரமணி. அங்கே ஒரு டாக்டரம்மா பல வருடம் கல்யாணத் தரகர் வேலையும் பார்த்தார் என்றால் நம்புவீர்களா? அவரும் ஒரு ஜாதகம் பார்த்தார். ஆனால் அதில் ராகு, கேது கிடையாது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை, ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோட் ஆகிய இரண்டும்தான் அதில் முக்கியமான கட்டங்கள்!

அவர் டாக்டர் சுனிதி சாலமன். அவர் சேர்த்து வைத்த ஜோடிகள் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவர்கள். 'இனிமேல் எனக்கேது கல்யாணம், எனக்கேது காதல்' என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களுடைய கதையில் நம் எல்லார் வீட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

சுனிதி சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த ஒரு மராத்தி இந்துக் குடும்பத்துப் பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, பிற்காலத்தில் புகழ்பெற்ற இருதய அறுவை நிபுணராக விளங்கிய டாக்டர் சாலமன் விக்டரைச் சந்தித்தார். அவர் கிறிஸ்தவர். மொழி வேறு, மதம் வேறு. இருந்தும் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பல நாடுகளில் இருந்துவிட்டு 1973-ல் சென்னைக்கே திரும்பினார்கள். ஆக, ஊர் போட்ட கோட்டைத் தாண்டிக் காதலிப்பது என்றால் என்ன என்பது டாக்டரம்மாவுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

1986. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவில் வருகிற நோய், நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியையாக இருந்த சுனிதி, தன்னிடம் மேற்படிப்புப் படித்த டாக்டர் நிர்மலாவிடம், 'இங்கேயும் சோதித்துப் பார்த்துவிடலாமே' என்ற யோசனையைக் கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி சேகரித்தார். பெரிய வசதி எதுவும் கிடையாது. வீட்டு ஃபிரிட்ஜில்தான் பத்திரப்படுத்தினார். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தது.

அதன் பிறகு டாக்டர் சுனிதியால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த நோயாளிகளோடு மனைவி வேலை செய்வதில் ஆரம்பத்தில் கணவருக்கே விருப்பமில்லை. 'அவர்களுடைய கதையைக் கேட்டால் நீங்கள் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்' என்ற பொருளில் அவருக்குப் பதில் சொன்னார் சுனிதி. 1993-ல் தன் தந்தை ஒய்.ஆர். கைத்தொண்டே பெயரில் 'ஒய்.ஆர்.ஜி. கேர்' என்ற மையத்தைத் தொடங்கினார். தி.நகரில் இயங்கிய அந்த மையம் பிறகு தரமணி வி.ஹெச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்கு வந்தது.

டாக்டர் தரகரான கதை

சரி, மருந்து கொடுக்கிற டாக்டருக்குக் கல்யாண வேலை எதற்கு?

காரணம் இருக்கிறது. வந்த நோயாளிகளில் நிறையப் பேர் இளவயதுக்காரர்கள். நம் ஊரில் முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அக்கம்பக்கம் சும்மா விடுமா? 'ஏன் இன்னும் பண்ணலை? ஏதாவது குறையா?' என்று துளைத்து எடுத்துவிடும். வீட்டில் அம்மா அழுவாள். அப்பா போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார். உண்மையைச் சொல்லவும் முடியாது, கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. இந்த இடத்தில்தான் ஆபத்து. மறைத்துவிட்டுத் தாலி கட்டலாம் என்ற எண்ணம் இங்கேதான் முளைக்கிறது.

அப்படி மறைத்ததன் விலை என்ன? நாமக்கல் பக்கத்துப் பெண் கௌசல்யா பெரியசாமி தன் கதையைப் பல மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1995-ல் உறவுக்காரருடன் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தொற்று இருந்த விஷயம் மணப்பெண்ணுக்குச் சொல்லப்படவில்லை. கல்யாணமான சில வாரங்களிலேயே தனக்கும் தொற்று என்று தெரிந்துகொண்டார். அந்தப் பெண் ஒடிந்துபோய் மூலையில் உட்காரவில்லை. 1998-ல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் 'பாஸிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். ஆனால் கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு உண்மை சொல்லப்பட்டிருந்தால் அவர் வாழ்க்கை எப்படிப் போயிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் சுனிதி கண்டுபிடித்த வழி எளிமையானது. கல்யாணம் வேண்டும் என்கிறவர்களை, உண்மையை ஏற்கெனவே தெரிந்துகொண்ட ஒருவரோடு சேர்த்து வைப்பது! தன்னிடம் வருகிறவர்களில் மொழி, மதம், படிப்பு, வருமானம் எல்லாம் பார்த்தார். சில குடும்பங்கள் ஜாதியும் கேட்கும், அதையும் குறித்துக்கொண்டார். கூடவே சிடி4 எவ்வளவு, வைரல் லோட் எவ்வளவு என்ற கணக்கும் பார்த்தார். ஒருவர் மட்டும் மிகவும் பலவீனமாக இருந்தால் மற்றவர் சீக்கிரமே தனியாகிவிடக் கூடாதே!

இந்த வேலையை 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் எட்டு வருடம் கூடவே இருந்து படம்பிடித்தது. படம் 2017-ல் வெளிவந்தபோது டாக்டரம்மா உயிரோடு இல்லை. 2015 ஜூலை 28-ல் காலமாகிவிட்டார். 2017-ல் மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

அவர் ஜோடி சேர்த்தவர்களில் எல்லாரிடமும் ஒரு பழைய கதை இருந்தது. கணவனை இழந்தவர், ஏமாற்றப்பட்டவர், தானே தவறு செய்துவிட்டு வருந்துகிறவர் என்று பலவிதம். ஆனால் முதல் சந்திப்பிலேயே மிகக் கஷ்டமான ரகசியம் மேஜைமேல் வந்துவிட்டது. ஒளித்துவைக்க எதுவுமில்லாத இடத்தில் பழகுவதற்கு மனசு லேசாகிவிடுகிறது. இதை நாம் எல்லாருமே கவனிக்க வேண்டும்.

ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லையென்றால்?

'இரண்டு பேருக்கும் இருந்தால் சரி. ஒருவருக்கு மட்டும் இருந்தால் கல்யாணம் பண்ணிக்கலாமா டாக்டர்?' என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் தயங்கித் தயங்கித்தான் பதில் சொன்னார்கள். இன்று அப்படியில்லை.

ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வைத்து 9 நாடுகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதில் நம் சென்னை ஜோடிகளும் உண்டு. ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் அதில் பங்கெடுத்தது. 2011-ல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சீக்கிரமே கூட்டு மருந்து சிகிச்சை ஆரம்பித்தவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவிகிதம் குறைந்திருந்தது. தொடர்ந்து கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மருந்தால் கிருமி நிலையாகக் கட்டுப்பட்டிருந்த காலத்தில், அவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றிய சம்பவம் ஒன்றுகூட இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? எச்.ஐ.வி. கிருமி ரத்தத்திலும் உடல் திரவங்களிலும் பெருகி இருந்தால்தான் இன்னொருவருக்குப் போகும். கூட்டு மருந்து அது பெருகுவதைத் தடுத்துவிடுகிறது. தினமும் விடாமல் மாத்திரை சாப்பிட்டால், சில மாதங்களில் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். அந்த நிலையில் தொடர்ந்து இருக்கிறவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது என்பதை உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடி தலைதூக்கும். உடம்பை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அடங்கிக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

குழந்தை? தாய்க்குத் தொற்று இருந்து எந்தச் சிகிச்சையும் எடுக்காவிட்டால், குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம் வரை இருக்கிறது. சரியான சிகிச்சை எடுத்தால் இது 5 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் 'கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை, குழந்தைக்குத் திட்டமிடும்போது ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்' என்கிறோம்.

கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். 'பணத்துக்கு எங்கே போவது?' என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1998-ல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவருக்குத் தொற்று இருக்கும் விஷயம் வெளியே தெரிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. தொற்று உள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு அமைந்துவிட்டது. எத்தனை பேர் அன்று மனமொடிந்திருப்பார்கள்! 2002-ல் அதே நீதிமன்றம், திருமண உரிமை பற்றிய அந்தக் கருத்துகள் அந்த வழக்குக்குத் தேவையில்லாதவை என்று சொல்லிவிட்டது. ஆக, கல்யாணத்துக்குத் தடை இல்லை.

2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் சம்மதமில்லாமல் அவருக்குப் பரிசோதனை செய்யக்கூடாது. முடிவைக் கண்டவரிடம் சொல்லக்கூடாது. அதே சமயம், துணைக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை தொற்று உள்ளவருக்கு உண்டு. ஒருவருடைய ரகசியத்துக்கும் மதிப்பு, இன்னொருவருடைய உயிருக்கும் மதிப்பு!

நம் சட்டத்தில் வேறு சில பழைய முட்களும் பிடுங்கப்பட்டிருக்கின்றன. கால்கை வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது என்று வழக்குப் போட முன்பு இடமிருந்தது. 1999-ல் அதை நீக்கிவிட்டார்கள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த பிரிவை 2019-ல் எடுத்துவிட்டார்கள். நோய் ஒரு குற்றம் இல்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால் மறைப்பதைச் சட்டம் மன்னிப்பதில்லை. முக்கியமான விஷயத்தை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்க இந்துத் திருமணச் சட்டம் இன்றும் வழி வைத்திருக்கிறது. உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம்?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். எச்.ஐ.வி. இல்லாவிட்டாலும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பழைய கதை இருக்கும். விவாகரத்து, நின்றுபோன நிச்சயதார்த்தம், முதல் கல்யாணத்துக் குழந்தை, மனநல சிகிச்சை, வலிப்பு, ஒரு பழைய காதல், அடைபடாத கடன்... எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா?

வேண்டாம். மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இந்த விஷயம் துணையின் உடம்பைப் பாதிக்குமா?

2. பிறக்கப்போகிற குழந்தையையோ, ஏற்கெனவே இருக்கிற குழந்தையையோ பாதிக்குமா?

3. சட்டப்படியோ பணவிஷயத்திலோ துணையின் தலையில் விழுமா?

மூன்றில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால், சம்மதம் சொல்வதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி., தொடர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டிய எந்த நோயும், முந்தைய திருமணம், குழந்தை, கடன், கோர்ட் வழக்கு எல்லாம் இதில் வரும்.

மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அது உங்கள் சொந்த விஷயம். பத்து வருடத்துக்கு முன் காலேஜில் ஒருவரை விரும்பியது, எழுதிய கடிதம் போன்றவற்றைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அதைக் குடைந்து குடைந்து கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. பெண்ணிடம் மட்டும் கேட்டுவிட்டு ஆணிடம் கேட்காமல் விடுகிற வழக்கத்தை முதலில் குப்பையில் போடுங்கள்!

எப்படிச் சொல்வது?

முதலில், காலம். முதல் நாளே முகத்தில் அறைந்த மாதிரியும் வேண்டாம், பத்திரிகை அச்சடித்த பிறகும் வேண்டாம். 'இவரோடு வாழலாம் போலிருக்கிறதே' என்று இரண்டு பக்கமும் மனசு சாய ஆரம்பிக்கும்போது சொல்லிவிடுங்கள். உடம்பளவில் நெருங்குவதற்கு முன் என்பது கண்டிப்பான எல்லை.

இரண்டாவது, இடம். கூட்டமும் வேண்டாம், தப்பித்துப் போக முடியாத தனியறையும் வேண்டாம். நாகேஸ்வரராவ் பார்க் பெஞ்சு மாதிரி அமைதியான பொது இடம் நல்லது. கேட்கிறவர் எழுந்து போக நினைத்தால் போக முடிய வேண்டும்.

மூன்றாவது, வார்த்தை. உதாரணத்துக்கு முப்பத்தைந்து வயது ஆண் ஒருவர், விவாகரத்தான ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்லலாம்:

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இது தெரிஞ்ச பிறகுதான் நீங்க முடிவெடுக்கணும். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஆறு வருஷமா தினமும் மாத்திரை சாப்பிடறேன். கடைசியா எடுத்த டெஸ்ட்ல கிருமி தெரியலைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. என்ன கேள்வி வேணும்னாலும் கேளுங்க. என் டாக்டர்கிட்டயே வந்து கேட்கலாம். பதிலை இப்பவே சொல்ல வேண்டாம்."

கவனித்தீர்களா? அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை, 'நீ இல்லைன்னா செத்துடுவேன்' என்ற மிரட்டலும் இல்லை. உண்மை, சிகிச்சை விவரம், யோசிக்க அவகாசம் ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன.

கேட்கிறவர் என்ன செய்யலாம்? 'பரவாயில்லை, எனக்கு ஒண்ணுமே இல்லை' என்று அந்த நிமிஷத்திலேயே தியாகி ஆகிவிட வேண்டாம். "சொன்னதுக்கு தேங்க்ஸ். எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும். டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்றால் போதும். வேண்டாம் என்று முடிவு செய்தால்கூட அது பாவம் இல்லை. ஆனால் கேட்ட ரகசியத்தைப் பக்கத்து வீட்டு மாமியிடம் போய்ச் சொல்வது பெரிய பாவம்.

ஒரு எச்சரிக்கை. உண்மையைச் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் ஒரு பெண் இருந்தால் அவள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். முதலில் ஆலோசகரைப் பார்த்து, அவரையும் உடன் வைத்துக்கொண்டு பேசுவதே பாதுகாப்பு.

பரிதாபம் வேறு, பிரியம் வேறு

பழைய காயம் உள்ளவர்களுக்கு வெளியே இருக்கிற தடையைவிட உள்ளே இருக்கிற தடைதான் பெரிசு. 'எனக்குக் கிடைச்சதே பெரிய விஷயம்' என்று நினைத்து, மரியாதை கொடுக்காத ஒருவரையும் சகித்துக்கொள்வார்கள். அல்லது, யார் அன்பாகப் பேசினாலும் 'இவனும் ஏமாத்தத்தான் போறான்' என்று விலகி ஓடுவார்கள். இரண்டுமே பயத்தின் வேலை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வலை உண்டு. 'அவளைக் காப்பாத்தப் போறேன்' என்று கிளம்புகிறவர்கள். பரிதாபத்தில் தொடங்கிய உறவில் ஒருவர் எப்போதும் கொடுக்கிறவர், மற்றவர் எப்போதும் நன்றி சொல்கிறவர். சண்டை வரும் நாளில், 'உன்னை யாரு கட்டிப்பா? நான்தானே வாழ்க்கை கொடுத்தேன்!' என்ற வார்த்தை வந்து விழும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எந்தப் பெண்ணாலும் ஆணாலும் நிமிர்ந்து நிற்க முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. அவரோடு இருக்கும்போது உங்களால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா? சிரிக்க முடிகிறதா? அவருடைய குறையையும் நீங்கள் சொல்லலாமா? ஆம் என்றால் அது பிரியம்.

பெற்றோரே, உங்களுக்கு...

பிள்ளைக்கு வலிப்பு, பெண்ணுக்கு மனச்சோர்வு என்றால், 'கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். எந்த நோய்க்கும் தாலி மருந்தாகாது. மாத்திரையை ஒளித்துவைத்து மருமகளை அனுப்பி, அங்கே அவள் சாப்பிட முடியாமல் போய், நோய் திரும்பிவந்து, வீடு இரண்டுபடுகிற கதை புதிது இல்லை. வலிப்பு உள்ள பெண் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால் டாக்டர் மருந்தை மாற்றித் தருவார். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் இதை எப்படிச் செய்வது? தானாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

சந்தேகமா? இதோ பதில்

*ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பாத்ரூமை உபயோகித்தால் எச்.ஐ.வி. வருமா?*
வராது. தொட்டாலும், கட்டிப்பிடித்தாலும், கொசு கடித்தாலும் வராது.

*தொற்று உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டவர் எத்தனை தடவை பரிசோதிக்க வேண்டும்?*
கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை. பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் தொடர்ந்து. கிருமி கட்டுப்பாட்டுக்கு வரும்வரை ஆணுறை அவசியம்.

*இரண்டு பேருக்கும் தொற்று இருந்தால் ஆணுறை தேவையா?*
டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேறு பால்வினை நோய்கள் வராமல் தடுக்கவும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகாமல் இருக்கவும் அது உதவும்.

*எங்கே பரிசோதிப்பது?*
அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' போங்கள். பரிசோதனை இலவசம், ஆலோசனையும் உண்டு, ரகசியம் காக்கப்படும். போனில் கேட்க விரும்பினால் 1097 என்ற இலவச எண்.

மறுபடியும் மாட வீதிக்கு வருவோம். அடுத்த முறை வரன் பார்க்க உட்காரும்போது, ஜாதகத்தை எடுத்து வைக்கிற அதே மேஜையில் இரண்டு பேருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டையும் வையுங்கள். பெரியவர்கள் கொஞ்ச நேரம் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அந்த இரண்டு பேரும் தங்கள் கதையைத் தாங்களே பேசட்டும்.

கதை கஷ்டமானதாக இருக்கலாம். கேட்டு முடித்த பிறகும் எதிரே இருப்பவர் எழுந்து போகாமல், 'அப்புறம்?' என்று கேட்டால்... அதைவிடப் பெரிய பொருத்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது!